அஷ்டாங்க யோகா குழு வகுப்பு: முதல் மாதம் மூச்சுக் கணக்கு மட்டும்

அஷ்டாங்க யோகாவில் ஆசனங்களின் வரிசை மாறாது. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்றுக்கொடுத்த வரிசையைத்தான் இந்த முறையைப் பின்பற்றும் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அதனால் பெயர்களை உருப்போட வேண்டாம், செய்யச் செய்யப் பதிந்துவிடும். முதல் மாதத்தில் மூச்சுக் கணக்கை, அதாவது எந்த எண்ணுக்கு மூச்சை இழுப்பது, எந்த எண்ணுக்கு விடுவது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1. எந்த வகுப்பு?

லெட் கிளாஸில் (led class) ஆசிரியர் எண்ணிச் சொல்ல எல்லோரும் சேர்ந்து செய்வார்கள். மைசூர் ஸ்டைல் வகுப்பில் அவரவர் மூச்சுக்குத் தக்கபடி செய்யலாம். ஆசிரியர் ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்துவார். புதியவர்களுக்கு நான் சொல்வது மைசூர் ஸ்டைல்தான். தெரிந்ததை மட்டும் செய்துவிட்டு, சவாசனத்தில் படுத்து எழுந்து போகலாம். எண்ணிக்கை காதில் ஏற வாரம் ஒரு லெட் கிளாஸ் போதும்.

2. மேட்

மெத்தென்ற தடிமனான மேட் வேண்டாம். உள்ளங்கை அமுங்கி மணிக்கட்டு மடங்கும், ஒற்றைக் காலில் நிற்கும்போது ஆடும். கெட்டியான ரப்பர் மேட், 4 மி.மீ. போதும். வியர்த்து வழுக்கினால் மேலே ஒரு பருத்தி விரிப்பு.

3. சூரிய நமஸ்காரம் ஏ (A)

மொத்தம் 9 எண்ணிக்கை, சமஸ்கிருதத்தில் எண்ணுவார்கள். ஏகம்: மூச்சு உள்ளே, கைகள் மேலே. த்வே: வெளியே, குனியவும். த்ரீணி: உள்ளே, தலையை மட்டும் நிமிர்த்தவும். இதுவரை யாருக்கும் சிரமமில்லை.

அடுத்த மூன்றில்தான் மூச்சு அறுந்துபோகும். எனக்கும் இங்கேதான் ரொம்ப நாள் பிடித்தது.

சத்வாரி: மூச்சை விட்டபடி கால்களைப் பின்னால் கொண்டுபோய், முழங்கை மடக்கி உடம்பை இறக்க வேண்டும். குதிக்காதீர்கள், ஒவ்வொரு காலாக வைக்கலாம். முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கட்டும். தோள் முழங்கை மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் நாளடைவில் தோள் வலி வரும். வலு வரும்வரை முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

பஞ்ச: மூச்சை இழுத்தபடி நெஞ்சை முன்னே தள்ளி நிமிர்த்தவும். கால் விரல்கள் உருண்டு புறங்கால் தரையில் பதியும். தொடை தரையைத் தொடக் கூடாது. தொட்டால் பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும்.

ஷட்: மூச்சை விட்டு இடுப்பை உயர்த்தி, கையும் காலும் தரையில் ஊன்றி நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் 5 மூச்சு.

தந்திரம் இதுதான்: மூச்சு முதலில் கிளம்பட்டும், உடம்பு பின்னாலேயே போகட்டும். சத்வாரியில் இறங்கி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டால் இறக்கத்தைக் குறையுங்கள், மூச்சை அடக்காதீர்கள். தொண்டையில் மெல்லிய உரசல் சத்தம் உங்கள் காதுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். சத்தம் நின்றால் மூச்சும் நின்றிருக்கிறது.

சப்த, அஷ்டௌ, நவ என்று மிச்சமிருப்பது வந்த வழியே திரும்புவதுதான்.

4. பார்வை

ஒவ்வொரு நிலைக்கும் பார்க்க வேண்டிய இடம் உண்டு, அதைத் த்ருஷ்டி என்பார்கள். ஏகத்தில் கட்டைவிரல், ஷட்டில் தொப்புள். குழு வகுப்பில் இதன் அருமை தெரியும். பக்கத்தில் இருப்பவர் காலைத் தலைக்குப் பின்னால் போட்டாலும் உங்கள் கண் அங்கே போகாது. போனால் அடுத்த நொடியே மூச்சு அவருடையதாகிவிடும்.

5. ஆசிரியரின் கை

இந்த வகுப்பில் ஆசிரியர் தொட்டுத் திருத்துவது வழக்கம். முழங்கால், முதுகு, தோள் எதிலாவது பழைய அடி இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தொட வேண்டாம் என்றாலும் சொல்லலாம், தயங்கவே வேண்டாம். அழுத்தும்போது முழங்காலில் சுருக்கென்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

லெட் கிளாஸில் பின்தங்கிவிட்டால் எங்கே சேர்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். விட்டதைத் துரத்தாதீர்கள். நேராக அதோமுக ஸ்வானாசனத்துக்கு வந்து நில்லுங்கள். அந்த 5 மூச்சு உங்களுக்காகவே காத்திருக்கும். 'சப்த' என்றதும் சேர்ந்துகொள்ளலாம்.

மணிக்கட்டு வலி என்றவர்களுக்கு: விரல்களை நன்றாக விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைத் தரையில் அழுத்துங்கள். பாரம் மணிக்கட்டிலேயே நிற்காமல் கை முழுக்கப் பரவும்.

அப்புறம், அமாவாசையும் பௌர்ணமியும் இந்த மரபில் விடுமுறை. கிளம்பும் முன் வகுப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.