பழைய பிக்கப்புக்கு முன்பக்க டிஸ்க் பிரேக்: டிரம்மைக் கழற்றுவதிலிருந்து பெடல் கெட்டிப்படும் வரை

டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றும் இந்த வேலையில் எல்லோரும் பயப்படுவது சக்கரப் பக்கத்தை. உண்மையில் டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் கழற்றிவிட்டுக் காலிப்பரும் (பேடை அழுத்தும் கவ்வி) ரோட்டாரும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) மாட்டுவது போல்ட் வேலைதான். வண்டி நேராக நிற்குமா, இல்லை பத்து நிமிட ஓட்டத்தில் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு புகையுமா என்பதை முடிவு செய்வது எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு, அதாவது ஃபயர்வால் பக்கம்: மிதியின் பலத்தை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர், வால்வு, அந்தச் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு. அதனால் சக்கரப் பக்கத்தைச் சீக்கிரம் கடந்துவிட்டு அங்கே அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

எந்த வண்டி, எந்தச் சாமான்

உதாரணத்துக்கு 1967 முதல் 1970 வரை வந்த செவர்லே சி10 அரை டன் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் டிரம், சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971 மாடலிலிருந்து இதே வண்டி முன்பக்க டிஸ்க்கோடும் ஐந்து போல்ட்டோடும் வந்தது. ஆகவே இரண்டு வழி உண்டு. ஒன்று, 1971-72 வண்டியின் ஸ்பிண்டிலை (சக்கரம் சுழலும் அச்சுத் தண்டு) பழைய சாமான் கடையில் பிடித்து மாற்றுவது. இரண்டு, இருக்கிற டிரம் ஸ்பிண்டிலிலேயே பிராக்கெட் வைத்துக் காலிப்பர் மாட்டும் கிட் வாங்குவது. ஆறு போல்ட் சக்கரத்தையே வைத்துக்கொள்ள ஆசையென்றால் ஆறு போல்ட் ரோட்டாரோடு வரும் கிட்டை வாங்குங்கள். ஐந்து போல்ட்டுக்கு மாறினால் பின்பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி.

பழைய ஸ்பிண்டில் வாங்கலாம், தப்பில்லை. பழைய காலிப்பர், பழைய ஹோஸ் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். ஸ்பிண்டில் மாற்றுகிறவர்கள் பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் புதுத் துளையில் சரியாக உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். கூம்பு வடிவத் தண்டு அளவுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ ஆடினாலோ, ஸ்பிண்டில் எந்த வருடமோ அந்த வருடத்து ஜாயிண்ட் போட வேண்டும். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சமாளிக்கிற இடமில்லை இது.

சக்கர ரிம்மையும் இப்போதே சோதியுங்கள். 15 அங்குல ரிம் பெரும்பாலும் போதும். ஆனால் டிரம்முக்காகச் செய்த சில 15 அங்குல ரிம்கள் காலிப்பரில் உரசும். எண்ணெய், ஏர் எதுவும் தொடாமல், ரோட்டாரையும் காலிப்பரையும் சும்மா மாட்டி ரிம்மைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரப் பக்கம்

ஜாக், ஸ்டாண்ட், கட்டை எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒன்று மட்டும்: பழைய ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

டிரம், ஷூ, வீல் சிலிண்டர், பேக்கிங் பிளேட் என்று வரிசையாகக் கழற்றியபின் ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குத் தேய்மானம் இருந்தால் அந்த ஸ்பிண்டில் வேண்டாம். பிராக்கெட்டை மாட்டி, கிட் தாளில் போட்டிருக்கும் டார்க்குக்கு இறுக்குங்கள்.

புது ரோட்டார் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். இரண்டு பக்கமும் பிரேக் கிளீனரால் கழுவாமல் மாட்டினால் பேடு அந்த எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு அந்தப் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பேரிங்குக்கு டிஸ்க் பிரேக் வெப்பம் தாங்கும் கிரீஸ்தான் வேண்டும். ரோலர்களுக்கு நடுவே பிதுங்கி வரும் வரை அழுத்தி ஏற்றுங்கள், மேலே பூசினால் போதாது.

ஸ்பிண்டில் நட் இறுக்கும் முறை: ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள், பிறகு விரலால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின் நுழையும் அடுத்த துளைக்குத் தளர்த்தும் திசையில் கொண்டுபோங்கள். 0.001 முதல் 0.005 அங்குல ஆட்டம் இருக்க வேண்டும். சுத்தமாக ஆடாத பேரிங் சீக்கிரம் கருகும்.

அடுத்து காலிப்பர். ஏர் எடுக்கும், அதாவது லைனில் தங்கிய காற்றை வெளியேற்றும், நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது காலிப்பரும் வலது காலிப்பரும் இடம் மாறினாலும் அச்சாகப் பொருந்தும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் பிரேக் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். எல்லாம் சரி, ஏர் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது என்றால் முதலில் நிப்பிளைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வகைக் காலிப்பரில் வழிகாட்டி போல்ட்டுக்குச் சிலிகான் கிரீஸ் போட்டு 35 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். வெளிப் பேடின் காதுகளைத் தட்டி மடித்துக் காலிப்பரோடு ஒட்ட வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, சஸ்பென்ஷனைத் தொங்கவிட்டும் ஏற்றியும் ஹோஸ் எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

ஏன் மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும்

டிரம்மில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும். காலின் பலத்தை டிரம்மே பெருக்கிக் கொடுக்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. வரும் அழுத்தம்தான் பிடிக்கிறது. அழுத்தமும் அதிகம் வேண்டும், காலிப்பர் பிஸ்டன் பெரியது என்பதால் ஆயிலும் அதிகம் வேண்டும்.

கணக்கு இப்படி. பெடலை 70 பவுண்டு மிதித்து, பெடல் விகிதம் 6:1 என்றால் புஷ் ராடில் 420 பவுண்டு. 1 அங்குலத் துளை சிலிண்டருக்குப் பரப்பு 0.785 சதுர அங்குலம், அழுத்தம் சுமார் 535 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதுவே 1 1/8 அங்குலமென்றால் சுமார் 420 பிஎஸ்ஐதான். அதனால் பூஸ்டர் (எஞ்சின் வாக்யூமால் காலின் பலத்தைக் கூட்டும் சாதனம்) இல்லாத வண்டிக்கு 1 அங்குலம், பூஸ்டர் உள்ளதற்கு 1 1/8 என்பது பொதுவான பொருத்தம். சிறிய துளையில் அழுத்தம் கூடும், பெடல் நீளமாக இறங்கும். பெரியது நேர் எதிர். பூஸ்டரோடு போவதே எங்கள் யோசனை. கனமான பிக்கப்பை டிஸ்க்கோடு வெறும் காலால் நிறுத்துவது முடியும், ஆனால் சுகமில்லை.

பூஸ்டர் போட்டால் பெடல் விகிதம் 4:1 பக்கம் வர வேண்டும். பெடல் கையில் இரண்டு துளை இருந்தால் பூஸ்டருக்குக் கீழ்த் துளை, பூஸ்டர் இல்லாததற்குச் சுழற்சி மையத்துக்கு அருகிலுள்ள மேல் துளை. இதை மறந்தால் லேசாகத் தொட்டாலே முகம் கண்ணாடியில் போய் இடிக்கும்.

1966 வரை வந்த சி10-இல் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போச்சு. அதை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்கு மாறவே வேண்டாம், இரட்டை அறை கட்டாயம். இரண்டு தொட்டியில் பெரியது டிஸ்க்குக்கு. பேடு தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலை வாங்கிக்கொள்ளும், சின்னத் தொட்டி காலியாகிவிடும்.

எச்ச அழுத்த வால்வு

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வெளியேறும் வாயிலில், பித்தளை இருக்கைக்குப் பின்னால், ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். லைனில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு நல்லது, டிஸ்க்குக்கு விஷம்: பேடு ரோட்டாரை விடாது. மெல்லிய கம்பியை அந்த வாயிலுக்குள் நுழைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி தள்ளினால் வால்வு இருக்கிறது. டிஸ்க் பக்க வாயிலில் அது இருக்கவே கூடாது. விதிவிலக்கு ஒன்று: மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைப் பலகைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிக்கு ஆயில் திரும்பி வடியாமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு தனியாகப் போட வேண்டும். ஃபயர்வாலில் இருப்பதற்குத் தேவையில்லை.

புஷ் ராடு இடைவெளி

எல்லோரையும் திரும்ப வேலை செய்ய வைக்கும் இடம் இதுதான். பூஸ்டரிலிருந்து வரும் தண்டின் முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். தண்டு நீளமாக இருந்தால் கால் எடுத்த பிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூடாகும் ஆயில் விரிவடைய வழியில்லாமல் பேடை இறுக்கும், இறுக்கம் சூட்டைக் கூட்டும். வீட்டு வாசலில் எல்லாம் சரியாக இருந்து, கொஞ்ச தூரம் போனதும் வண்டி நகர மறுப்பது இப்படித்தான்.

அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். தண்டு முனையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பட்டாணி அளவு ஒட்டுங்கள். மாஸ்டர் சிலிண்டரை வைத்து இரண்டு நட்டையும் இறுக்கிப் பிறகு கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. முழுக்கப் பிதுங்கித் தண்டு பளிச்சென்று தெரிந்தால் தண்டு நீளம்.

இதோடு சேர்ந்த ஆபத்து: பூஸ்டர் இல்லாத வண்டிக்கான சிலிண்டரில் பிஸ்டன் குழி ஆழமாக இருக்கும், பூஸ்டர் வகையில் ஆழமில்லை. ஆழமில்லாத சிலிண்டரைப் பூஸ்டர் இல்லாமல் மாட்டினால் தண்டு ஓடும்போதே நழுவி விழலாம்.

லைன், வால்வு

லைன் 3/16 அங்குலம். இரும்பு அல்லது செம்பு-நிக்கல் குழாய். செம்பு-நிக்கலே எங்கள் விருப்பம், கையால் வளையும், ஃப்ளேர் (குழாய் முனையை விரித்து மடிப்பது) அழகாக வரும். சாதாரணச் செம்புக் குழாயும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் பிரேக்கில் கூடாது. 45 டிகிரி இரட்டை ஃப்ளேர்தான், டெஃப்லான் டேப் வேண்டாம். நட்டைக் குழாயில் நுழைத்த பிறகு ஃப்ளேர் போடுங்கள். சிரிக்காதீர்கள், இதை மறக்காதவர் யாருமில்லை. மலிவான ஃப்ளேரிங் டூலைத் தவிருங்கள், வைஸில் பிடிக்கும் வகை ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். கழற்ற ஃப்ளேர் நட் ஸ்பேனர், சாதாரண ஸ்பேனர் முனையை உருட்டிவிடும்.

முன் டிஸ்க், பின் டிரம் வண்டிக்குக் காம்பினேஷன் வால்வு வேண்டும். அதற்குள் முக்கியமாக இரண்டு வேலை. பின் ஷூ டிரம்மைத் தொடும் வரை முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதிப்பது ஒன்று. பலமாக மிதிக்கும்போது பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. சரக்கில்லாத பிக்கப்பின் பின்பக்கம் லேசானது, பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழலும். டயரும் உயரமும் மாற்றிய வண்டி என்றால் பின் லைனில் திருகி மாற்றும் வால்வு போடுவது நல்லது. அதை மட்டும் தனியாகப் போட்டால் தாமதிக்கும் பகுதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஏர் எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, குழாயை வாயிலிருந்து தொட்டிக்கே திருப்பி, குமிழி நிற்கும் வரை மெதுவாக அழுத்துங்கள். பிறகு வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசை. பிரேக் ஆயிலில் டாட் 3 அல்லது டாட் 4 வகை போதும். டாட் 5 சிலிகான் வகையை இவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பிரஷர் பிளீடர் வைத்து எடுப்பவர்கள் காம்பினேஷன் வால்வின் முனையில் உள்ள சின்னப் பின்னை அதற்கான கிளிப்பால் பிடித்து வைக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் வால்வு முன்பக்கத்தை மூடியே வைத்திருக்கும். காலால் மிதித்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏர் போன பிறகும் பெடல் தாழ்வாக இருந்தால் மீண்டும் ஏர் எடுக்க ஓடாதீர்கள். பின் டிரம்மில் ஷூவை நெருக்கமாக்கும் நட்சத்திரச் சக்கரத்தைச் சுற்றி, ஷூ லேசாக உரசும் வரை கொண்டுவாருங்கள். தளர்ந்த பின் ஷூ பெடலில் பாதியைத் தின்றுவிடும். ஏர் என்று பழி சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

முதல் ஓட்டம்

எஞ்சினை நிறுத்தி நான்கைந்து முறை மிதித்து, காலை அழுத்தி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. நடக்கும் வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு காலியான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை குறைப்பதை, அரை நிமிட இடைவெளியில் எட்டுப் பத்து முறை செய்து பேடைப் பதியவிடுங்கள். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்க வேண்டாம். ஆறியதும் சக்கர நட்டை மறுபடி இறுக்குங்கள்.

பிற்சேர்க்கை: ஓட ஓடப் பிரேக் பிடித்துக்கொண்டால்

பிடித்திருக்கும்போதே சோதியுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் கால் அங்குலம் தளர்த்தி முன்னே இழுங்கள். சக்கரம் விடுபட்டால் புஷ் ராடு நீளம். விடுபடாவிட்டால் சிலிண்டரிலிருந்து போகும் முன் லைனைத் தளர்த்துங்கள். அப்போது விட்டால் எச்ச அழுத்த வால்வு. அதற்கும் விடாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால், நடுவே ஹோஸ் அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் வழிகாட்டி போல்ட்டோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது.

பிடிப்பதற்குப் பதிலாகப் பெடல் கல் போல இருந்தால் வாக்யூமை அளந்து பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 18 அங்குலப் பாதரசம் இருந்தால் பூஸ்டர் நன்றாக வேலை செய்யும். பெரிய கேம் போட்ட எஞ்சினில் இது வெகுவாகக் குறையும், பெரிய பூஸ்டர் வாங்கிப் பயனில்லை, மின்சார வாக்யூம் பம்ப் போட வேண்டும். ஹோஸ் கார்புரேட்டரில் அல்ல, இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டியிருக்கிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள்.