ஏடிஜி போடும் முன்: மஜ்ஜை செயலிழந்த குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை

மூன்று வகை ரத்த அணுக்களும் குறைந்து, மஜ்ஜை பயாப்சியில் கொழுப்பே நிறைந்திருக்கிறதா? நோய் எதிர்ப்பு அணுக்களே மஜ்ஜையைத் தாக்குகின்றனவா, பிறவியிலேயே மரபணுப் பிழையா என்று முதலில் பிரித்தாக வேண்டும். முன்னதுக்கு ஏடிஜியும் (தாக்கும் டி-அணுக்களை அழிக்கும் மருந்து) சைக்ளோஸ்போரினும் (அவற்றை அடக்கும் மருந்து) கேட்கும். பின்னதுக்குப் பெரும்பாலும் கேட்காது; காத்திருக்கும் மாதங்களில் தொற்றுதான் மிச்சம்.

ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) பாருங்கள். ஏற்றிய பிறகு தெரிவது கொடையாளரின் சிவப்பணு. உயரம், கட்டைவிரல், தோலில் காபி நிறத் திட்டு, நகம், நாக்கில் வெள்ளைப் படலம், சிறுநீரக ஸ்கேன் எல்லாம் பாருங்கள். பெற்றோர் தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணந்தவர்களா என்றும் கேளுங்கள். எந்த அடையாளமும் இல்லாத ஃபான்கோனி (மரபணுப் பிழையால் மஜ்ஜை செயலிழக்கும் பிறவி நோய்) குழந்தைகளும் உண்டு, அதனால் குரோமோசோம் உடைவுப் பரிசோதனையை யாருக்கும் விடக்கூடாது.

இதற்குச் சோடியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாய் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் போனால் செல் வளராது. ஐஸில் வைக்காமல், வெயிலிலும் விடாமல் மறுநாளுக்குள் லேபில் சேருங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த சாம்பிள் திங்கள்வரை கிடந்து கெடுவது வழக்கமான கதை. லேபில் செல்களை வளர்த்து, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மைட்டோமைசின்-சி சேர்த்து, ஆரோக்கியமான ஒருவரின் செல்களோடு ஒப்பிட்டு உடைவுகளை எண்ணுவார்கள். சில குழந்தைகளில் ரத்த செல்லின் ஒரு பகுதி தானாகவே பிழையைத் திருத்திக்கொண்டிருக்கும், அப்போது முடிவு நார்மல் என்று ஏமாற்றும். சந்தேகம் தீரவில்லை என்றால் தோலில் சிறு துண்டு எடுத்து, ஃபார்மலினில் போடாமல் வளர்ப்பு ஊடகத்தில் அனுப்புங்கள். வளர வாரக்கணக்கில் ஆகும்.

மரபணுப் பேனலுக்கும் (பல மரபணுக்களை ஒன்றாகச் சோதிப்பது) தோல் செல்லே நல்லது. எச்சிலிலும் வெள்ளணு கலந்திருக்கும். 7-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்ஏஎம்டி9 மரபணுவில் பிழை இருந்தால், மஜ்ஜை செல் அந்தக் குரோமோசோமோடு பிழையையும் உதறிவிடலாம், ரத்தத்தில் தேடினால் தப்பிவிடும். ஃபான்கோனியோடு தொடர்புள்ள எஃப்ஏஎன்சிஏ மரபணுவில் பெரிய துண்டே காணாமல் போவது சகஜம், பேனல் அதைக் கண்டுபிடிக்குமா என்று முன்பே கேளுங்கள். டெலோமியர் (குரோமோசோமின் நுனி) நீளத்தை வயதோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.

பிஎன்ஹெச் அணுக்கூட்டம் (மேற்பரப்பில் சில பாதுகாப்புப் புரதங்கள் இல்லாத ரத்த அணுக்கள்) சிறிதளவு இருந்தாலும் நல்ல சகுனம்: எதிர்ப்பணுத் தாக்குதல் என்பதற்கு ஆதாரம், ஏடிஜிக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். இதை நியூட்ரோஃபிலில் (ஒரு வகை வெள்ளணு) பார்க்கச் சொல்லுங்கள், ஏற்றிய ரத்தம் சிவப்பணுக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஹெச்எல்ஏ (திசு வகை) பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சையே முதல் தேர்வு, ஆனால் அந்த அண்ணன் தங்கைக்கும் உடைவுப் பரிசோதனை கட்டாயம். ஃபான்கோனிக் குழந்தைக்கு மாற்றுக்கு முன் கொடுக்கும் வழக்கமான 200 மி.கி./கிலோ சைக்ளோஃபாஸ்பமைடு மருந்து உயிருக்கே ஆபத்து, மிகக் குறைந்த அளவே கொடுக்க வேண்டும்.

ஏடிஜிதான் என்று முடிவானால் குதிரை ஏடிஜி (குதிரையின் உடலில் தயாரித்தது) கேளுங்கள்: 2011-இல் வெளியான ஒப்பீட்டில் ஆறு மாதத்தில் பலன் 68%, முயல் ஏடிஜியில் 37%. மூன்றாவது, ஆறாவது மாதங்களில் பலனை அளவிடுங்கள். ஆறு மாதத்திலும் எண்ணிக்கை ஏறாவிட்டால், இரண்டாம் முறை ஏடிஜி போடும் முன் மரபணு ரிப்போர்ட்டைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.