ஸ்பானிஷில் அன்பைச் சொல்வதற்கு முன்

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் 'தே கியேரோ', 'தே ஆமோ' இரண்டையும் முதலில் பிரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டுமே 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்வதுதான். முன்னதை அம்மாவிடமும் சொல்லலாம், நெருங்கிய தோழியிடமும் சொல்லலாம், காதலரிடமும் சொல்லலாம். 'தே ஆமோ' அதைவிட ஆழமானது, ஸ்பெயினில் அதை எடுத்ததற்கெல்லாம் சொல்ல மாட்டார்கள். அப்புறம் 'நோவியோ', 'நோவியா': காதலன், காதலி என்றும் வரும், கல்யாணத்தன்று மாப்பிள்ளை, பெண் என்றும் வரும், இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

'அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன்' என்பதற்கு 'மே கஸே கோன் எயா'. அந்த 'கோன்' (உடன்) விட்டுப்போகக் கூடாது, தமிழில் 'அவளை' என்றே யோசித்துப் பழகியதால் நமக்கு அங்கேதான் தடுக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது 'மி மெதியா நரான்ஹா': துணையைச் சொல்வது, நேர்ப்பொருள் 'என் பாதி ஆரஞ்சு'.