நிறத்துக்கு முன் நிழல்: தைல வண்ண உருவப்படத்துக்கு ஒரு குறிப்பு

தைல வண்ணத்தில் தத்ரூபமான முகத்தைத் தீட்டக் கற்போர் பலர், தோலின் நிறத்தை எப்படிக் கலப்பது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் ஒளியும் நிழலும் சரியான அளவில் அமைந்துவிட்டால், நிறம் சற்றே பிசகினாலும் முகம் அந்த மனிதருடையதாகவே தெரியும். ஆகவே முதலில் பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு வண்ணத்தை மட்டும் டர்பன்டைன் என்னும் கரைப்பானில் மெல்லியதாகக் கரைத்து, கேன்வாஸ் முழுவதும் பூசி, ஒளி விழும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகிய இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, பெரிய நிழல் வடிவங்கள் மட்டுமே புலப்படும். அவற்றை முடிக்கும்வரை இமைமயிரைத் தொடவே வேண்டாம்.

அம்பர் விரைவில் உலரும் என்பது இதில் பெரிய வசதி. உலர்ந்தபின் நிறங்களைச் சேர்க்கும்போது, மேலடுக்குகளில் ஆளிவிதை எண்ணெயின் அளவு கீழடுக்கைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாறினால் நாளடைவில் வெடிப்பு விழக்கூடும்.

வண்ணங்களைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் (1860–1920) பெயரால் அறியப்படும் வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் என்னும் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்குமே போதும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சிவந்த தோலருகே நீலமாகவே தோன்றும். விழியின் வெண்பகுதிக்கும் அந்தச் சாம்பலையே இடுங்கள், ஏனெனில் அது பெரும்பாலும் மேலிமையின் நிழலில் இருக்கிறது.

எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றைக் குவித்து வைக்காமல் விரித்து உலர்த்துங்கள்.