பக்கத்து வீட்டில் பழக்கம் வைத்துக்கொள்வது எப்படி?

தெரு முழுவதையும் நட்பாக்கக் கிளம்ப வேண்டாம். இரண்டு வீடு போதும்.

அமெரிக்காவின் அலமீடா மாவட்டத்தில் 6,928 பேரை 9 ஆண்டுகள் கவனித்து 1979-இல் வெளியான ஆய்வு, உறவும் நட்பும் குறைந்தவர்களிடம் இறப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. புகை, குடி, உடல் எடையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. தனிமை நீண்டால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். வீட்டுக்குள் விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் உடலில் நீர் வற்றும், அழுந்திய தசை சிதையும். அந்த நேரத்தில் வெளியூர் மகனைவிடச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் உதவுவார்.

முதல் வாரம் பெயர் சொல்லி வணக்கம் வைத்தால் போதும். அடுத்து, உதவி செய்யப் போகாமல் உதவி கேளுங்கள்: ஓர் ஏணி, ஒரு ஸ்குரூடிரைவர். மறுநாளே திருப்பிக் கொடுங்கள். எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே ஒருவரை வைத்தால் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். பலருடைய நல்லெண்ணம் வீணாவது இங்கேதான். வாட்ஸ்அப் குழுவில் தொடங்குவதும் சரிவராது. பத்தே நாளில் பார்க்கிங் சண்டையில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பகையும் உடம்பைக் கெடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பழகிய பின் ஓர் அடையாளம் பேசி வையுங்கள். காலை 9 மணிக்குள் ஜன்னல் திரை விலகவில்லையா? போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்களிடம் கொடுத்து வைத்த சாவியால் திறங்கள். திறக்கலாம் என்ற சம்மதத்தை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். சாவியோடு ஒரு தாளில் அவர் சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, உறவினர் எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். மாத்திரை மாறினால் தாளும் மாற வேண்டும்.

கடும் வெயில் நாட்களில் போன் போதாது. தனியாக இருக்கும் முதியவரை நாளுக்கு இரண்டு முறை நேரில் பாருங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ உடனே ஆம்புலன்ஸ். 1995-இல் சிகாகோவில் வெப்ப அலை 700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது தனியாக வாழ்ந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் இருந்தது.

மனக் கஷ்டத்தைத் துருவிக் கேட்காதீர்கள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் அறிவுரை வேண்டாம். “டாக்டரிடம் போகலாமா? வியாழக்கிழமை நான் கூட வருகிறேன்” என்று நாளைக் குறித்தே கேளுங்கள்.