கொழும்பில் இலையுதிர்காலம் வரையப் போகிறவர்கள் விடும் பிழைகள்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலையுதிர்காலம் வரையச் சொல்லியிருந்தார்கள். கை விரல்களை விரித்த மாதிரி ஐந்து முனையுள்ள செம்மஞ்சள் இலை ஒன்றை வரைந்துகொண்டு வந்து காட்டினாள். "இத எங்க பாத்தனி?" என்று கேட்டேன். "பிஸ்கட் டின்னில, அப்பா." வெள்ளவத்தையில் மேப்பிள் இலைக்கு வேறு எங்கே போவாள், பாவம்.

பெரியவர்கள் நாமும் அதே பிழையைத்தான் விடுகிறோம். செப்டெம்பர் பிறந்ததும் புதுக் கொப்பியும் கலர் பென்சிலும் வாங்கிக்கொண்டு, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தெரு கிடைக்குமா என்று பார்க்கிறோம். கிடைக்காது. நம்முடைய பழைய பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கொழும்பில் அதை வானத்தைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். மே முதல் அடித்த தென்மேல் பருவக்காற்று செப்டெம்பரோடு ஓயும். வடகீழ்க் காற்று நிலைகொள்ள டிசம்பர் ஆகிவிடும். நடுவில் கிடக்கும் இரண்டு மாதமும் காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானம் உள்நாட்டுப் பக்கம் முகில் கட்டும், பின்னேரம் இடியோடு கொட்டும். வரைய வேண்டிய பருவம் இதுதான்.

அதற்காக, "இங்கே ஒரு இலையும் உதிராது" என்று முடிவு கட்டுவதும் பிழை. சிங்களத்தில் கொட்டம்பா என்று சொல்லும் நாட்டு வாதுமையைப் பாருங்கள். உதிர்வதற்கு முன்னால் அதன் இலை நன்றாகச் சிவக்கும். ஆனால் ஒரு மரம் சிவந்து நிற்கும்போது பக்கத்து மரம் பச்சையாக நிற்கும், மாதக் கணக்குப் பார்ப்பதில்லை.

அதில் ஒரு இலையைப் பொறுக்கி மேசையில் வைத்து வரைந்து பாருங்கள், கை தானாகவே இரண்டு பக்கமும் கூரான, மாவிலை மாதிரி ஒன்றைப் போட்டுவிடும். அது நம் மண்டையில் இருக்கும் இலை. மேசையில் கிடப்பது நுனிப் பக்கம் அகன்று, காம்பை நோக்கி ஒடுங்கும். காம்பும் கட்டை. நிறத்திலும் இதே கதைதான், சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரேயடியாகத் தீட்டிவிடுவோம். கிட்ட வைத்துப் பார்த்தால் நடு நரம்பு இன்னும் மஞ்சளாக இருக்கும், நரம்போரம் எங்கேயாவது பச்சை ஒட்டியிருக்கும், பூச்சி தின்ற ஓட்டையைச் சுற்றிக் கபில நிறத்தில் ஒரு வளையம் ஓடும். முதலில் மஞ்சளை இலேசாகப் போட்டு அதன் மேல் சிவப்பை ஏற்றுங்கள். ஓட்டைகளைத் தாள் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். பூச்சி தின்னாத இலையைத் தேடி நான் நேரம் மினக்கெடுவதில்லை.

அப்புறம் நேரம். வேலை முடிந்து பின்னேரம் போய் ஆறுதலாக வரையலாம் என்று நினைக்கிறவர்களின் கொப்பி ஒக்டோபரிலேயே நனைந்துவிடும். என்னுடையது அப்படித்தான் போனது, மை ஊறிப் பத்துப் பக்கமும் நீலக் கறை. காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் நம்பகமான நேரம். இந்த ஈரக் காற்றில் வாட்டர்கலர் காய மறுக்கும், பொறுமையில்லாமல் கொப்பியை மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய சி.ஆர். கொப்பியில் தண்ணீர் பட்டால் தாள் சுருளும். ஒரு 2பி பென்சில், நாலைந்து கலர் பென்சில், எல்லாவற்றையும் போட ஒரு பொலித்தீன் பை போதும். வாட்டர்கலர் இல்லாமல் முடியாது என்பவர்கள் 300 ஜிஎஸ்எம் என்று போட்ட தடித்த தாள் வாங்குங்கள். இடி கேட்டால் மட்டும் "இந்த முகிலை முடித்துவிட்டு" என்று காலிமுகத்திடலில் உட்கார்ந்திருக்காதீர்கள், மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். மின்னல் கூடுதலாக விழும் மாதங்கள் இவை.

உதிர்வதைவிட வந்து சேர்வதுதான் இந்தப் பருவத்தில் அதிகம். வடக்கே இந்தியாவில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவிகள் செப்டெம்பர், ஒக்டோபர் வாக்கில் நம் தோட்டங்களுக்கு வரும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வெளிச்சத்தைக் கண்டு வீடுகளுக்குள் நுழைவதும் உண்டு. ஒருநாள் விடிய எங்கள் மாடிப்படியில் ஒன்று குந்திக்கொண்டிருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் சிறிசு. நான் போனை எடுத்து இருபது படம் பிடித்தேன். ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள் இருட்டாக வைத்துக் களைப்பாற விடலாமென்று உள்ளே போய் வருவதற்குள் பறந்துவிட்டது. சரி, படம் இருக்கிறதே என்று அன்றிரவு வரைய உட்கார்ந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் முதுகின் பச்சை சாம்பலாகியிருந்தது, தோளிலிருந்த நீலத்தைக் காணவே இல்லை. இருபதிலும் முகத்தைத்தான் கிட்டத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறேன். வாலுக்கு என்ன செய்வது? குருவி என்றால் வால் இருக்கும்தானே என்று நீளமாக ஒன்று போட்டேன். ஆறுமணிக்குருவிக்கு வால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கட்டை.

பத்து விநாடியில் ஒரு கிறுக்கல் போட்டிருந்தால் அந்த வால் சரியாக வந்திருக்கும். பறவையைக் கண்ணிலும் இறகிலும் தொடங்காதீர்கள். உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது, வால் எங்கே முடிகிறது என்று இரண்டு கோடு முதலில். பழக வேண்டுமென்றால் மதிலில் இருக்கும் காகத்தைப் பிடியுங்கள். கொழும்பில் காகத்தை யாரும் வரைவதில்லை. மழைக்குப் பிறகு கழுத்துச் சாம்பல் மயிர் குத்திட்டு நிற்கும் காகத்தைப் போல முகபாவம் உள்ள மொடல் வேறு கிடையாது.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதைக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை பெத்தகான, ஞாயிறு தலங்கம, அடுத்த கிழமை பேர வாவி என்று ஓடுகிறவர்களைத் தெரியும். ஒரு முறை பார்த்த இடத்தில் பருவம் மாறுவது தெரியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நான் போவது தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்கு. செப்டெம்பர் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் கொழும்பின் நேர் உச்சியில், நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். செப்டெம்பர் 23 வாக்கில் அது நேர் மேற்கே மறையும். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் மறையும் இடம் இடப்பக்கமாக, தெற்கே நகரும். கையை நீட்டி, விரல்களைப் பொத்திய முட்டியால் அளந்தால் டிசம்பர் 21க்குள் ஏறக்குறைய இரண்டரை முட்டி தூரம். ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே அடிவானக் கோட்டை வரைந்தால்தான் இது பிடிபடும். அந்த நேரத்தில் மழை விட்ட நாட்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். போன வருடம் எனக்குக் கிடைத்தது ஏழு மாலைகள்.

கடைசியாக, படம் வராத நாளில் பக்கத்தைக் கிழிக்கிற பழக்கம். திகதி, நேரம், இடம், காற்று, கேட்ட சத்தம் இவற்றை எழுதிவிட்டு விடுங்கள். என் கொப்பியில் எனக்குப் பிடித்த பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை: "நவம்பர் 3. காலை 6.05. இரவு மழை, காற்றில்லை. பின்வளவு மாமரத்தடியில் ஆறுமணிக்குருவி, இரண்டு தரம் விசிலடித்தது. ஆளைக் காணவில்லை."