தைலமரக்காட்டை மறுபடி பொட்டலாக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் வழியெல்லாம் தைலமரக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல இடங்கள் முன்பு மேய்ச்சல் பொட்டல். ஊசிப்புல், ஆவாரை, நடுநடுவே காரையும் சூரையும் புதராக நின்ற செம்மண் நிலம். இப்போது சிலர் மரத்தை விற்றுவிட்டு, நிலத்தைப் பழையபடி விட்டுவிட ஆசைப்படுகிறார்கள். எங்கள் அப்பச்சி நட்ட நாலு ஏக்கரில் நாங்களும் அதைத்தான் செய்தோம். முதல் வருஷமே பெரிய தவறு நடந்துவிட்டது.

ஜேசிபியை விட்டு அடிக்கட்டைகளைப் பிடுங்கி, மேடு பள்ளத்தையும் நிரவினோம். பார்க்க மைதானம் மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் நாலு விரல்கடை மேல்மண் கரைந்து, ஊருணியில் செஞ்சேறாகப் போய்ப் படிந்தது. நிலத்தில் மிஞ்சியது சரளைக்கல். புல் விதை, கிழங்கு, கறையான், பூஞ்சை என்று உயிருள்ளவற்றில் பெரும்பகுதி அந்த நாலு விரல்கடைக்குள்தான் இருந்தது. வெளிநாட்டு மலைகளில் கைவிடப்பட்ட பனிச்சறுக்குச் சரிவுகளிலும் இதே கதைதான். மரத்தையும் புதரையும் மட்டும் வெட்டிய சரிவில் பழைய செடிகள் திரும்பி வருகின்றன. புல்டோசரால் மண்ணைச் சீவிய சரிவோ பல பத்தாண்டுகள் ஆனாலும் தேறுவதில்லை.

அதனால் தைலமரக் கட்டையைப் பிடுங்காதீர்கள். தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள். அது விடாமல் துளிர்க்கும். மாதம் ஒருமுறை போய்த் துளிரை ஒடித்துக்கொண்டே இருங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் கட்டை மெல்ல ஓய்ந்துபோகும். செத்த வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டே மட்கும். சீமைக்கருவேலத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதன் துளிர்க்கும் கண் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு சாண் ஆழம் தோண்டி வெட்டினால்தான் போகும். தைலமரம் போன வெற்றிடத்தில் முதலில் வந்து உட்காருவதும் இதுதான். கன்றாக இருக்கும்போதே, மழை ஈரத்தில் வேரோடு இழுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டுவதும் கூடாது. மழைக்கு முன் நிலத்தை மொட்டையாக விடவே கூடாது. சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வெட்டி, கிளைகளை அதே குறுக்குவாக்கில் கிடத்துங்கள். தழையைக் கனமாகப் பரப்ப வேண்டாம். தைல இலை மற்ற விதைகளை முளைக்க விடாது. தீ வைக்கும் யோசனையும் வேண்டாம்.

தைலக்கன்று நட்டபோது தண்ணீரை உள்ளேயே நிறுத்த வெட்டிய அகழிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் பக்கம் ஒரு ஊருணியும் கண்மாயும் வரத்துவாரி (மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்) இல்லாமல் நிரம்பாது. வாரியை அறுத்துக்கொண்டு போகும் அகழியை மட்டும் மூடி, அந்த இடத்தில் கல் பரப்பித் தண்ணீர் நிதானமாக நடந்துபோக வழி விடுங்கள்.

அப்புறம், பச்சை சீக்கிரம் தெரிய வேண்டுமென்று கினியாப்புல் விதைக்கிறார்கள். அது வந்தால் ஊசிப்புல்லுக்கு இடம் கிடையாது. பக்கத்துப் பொட்டலில் காய்ந்த புல்லை விதையோடு அறுத்துவந்து பரப்பினாலே போதும். மரம் நடும் ஆசையும் அப்படித்தான். பத்தடிக்கு ஒரு குழி தோண்டி நட்டால் நிலம் மறுபடி தோப்பாகிவிடும். ஆள்காட்டிக் குருவி முட்டையிடுவது வெட்டவெளிச் சரளையில். கௌதாரிக்கு வேண்டியது புல்லும் புதரும். குழி தோண்டுவதற்குப் பதில் காய்ந்த கிளை நாலைந்தை நட்டுவையுங்கள். மைனாவும் கொண்டைக்குருவியும் அதில் வந்து உட்கார்ந்து, தின்ற பழத்தின் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். எங்களுக்குச் சூரை அப்படித்தான் வந்தது. வீரை, காசா மாதிரி மரங்கள் வேண்டுமென்றால் அய்யனார் கோயில் காட்டில்தான் விதை தேட வேண்டும். ஊராரிடம் கேட்காமல் அங்கே ஒரு காயைக்கூடத் தொடாதீர்கள்.

ஆடு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் ஆட்டை உள்ளே விட்டால் முளை தங்காது. அதற்காக ஒரேயடியாக வேலி போட்டு வைத்தாலும் புல் முற்றிச் சாய்ந்து, அடியில் வருவதை அமுக்கிவிடும். மூன்றாம் வருஷம் மந்தை மேய்க்கும் கீதாரியிடம் பேசி, புல் விதை உதிர்ந்த பிறகு சில நாள் மட்டும் மேய்க்கச் சொன்னோம். மந்தை அதற்கு முன் எங்கே மேய்ந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு என்றால், புழுக்கையில் விதை விழுந்து முடியும்வரை சில நாள் வேறு இடத்தில் கிடை போட்டுவிட்டு வரட்டும்.